வருவதைவிட விருந்து மலிவு

ஹாங்காங்
3 டிசம்பர் 1995

அன்புள்ள டெல்ஃபினா அக்காவுக்கு,

இன்று ஞாயிறு, விடுமுறை. வழக்கம்போல வங்கிக் கட்டடத்தின் அடியில் அட்டையை விரித்து உட்கார்ந்து எழுதுகிறேன். பக்கத்தில் தோழி லூர்து யாருக்கோ நகப்பூச்சு போட்டுக்கொண்டிருக்கிறாள். எழுத்து கோணலாக இருந்தால் அவள் முழங்கையைத் திட்டு.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். வருகிற பிப்ரவரி பதினேழாம் தேதி என் மகளுக்கு ஏழு வயது நிறைகிறது. ஏழாவது பிறந்தநாள் என்றால் நம் ஊரில் என்ன என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு வயது நிறைந்தபோது ஒன்றும் செய்ய முடியவில்லை. அப்போதுதான் அவள் அப்பன் ரோடெல் மணிலாவில் வேலை தேடப் போகிறேன் என்று கிளம்பினான். இன்னும் தேடிக்கொண்டிருக்கிறான் போலிருக்கிறது. இதையும் விட்டால் அடுத்தது பதினெட்டாவதுதான். அதுவரை லிகாயாவின் பிறந்தநாள் என்று ஊர் பேச எதுவும் இருக்காது.

ஆகவே முறையாகச் செய்ய வேண்டும். முழுப் பன்றி ஒன்றைத் தீயில் சுட்டு, தலையும் வாலுமாக மேசை நடுவில் வைக்க வேண்டும். நம் வாசலிலிருந்து பாசிங் வீட்டு வேலிவரைக்கும் பந்தல். வாடகை நாற்காலி. ஒரு கோமாளி. மூங்கில் தட்டியில் பொம்மையும் மிட்டாயும் கட்டித் தொங்கவிட்டு, குழந்தைகள் எட்டிப் பறிக்க வரும்போது கயிற்றை மேலே இழுக்கிற விளையாட்டும் வேண்டும். கயிற்றை இஸ்கோ அத்தான் பிடித்துக்கொள்ளட்டும். உன்னிடம் கொடுத்தால் ஒரு மிட்டாய்கூடக் கீழே வராது. போட்டோ மட்டும் போதாது, வீடியோக்காரனையும் பேசிவிடு. கவுன் நான் இங்கிருந்து அனுப்புகிறேன், மஞ்சள் நிறம்.

பாசிங்கின் பேரனுக்கு ஏழு வயதானபோது எடுத்த படத்தை நீதான் அனுப்பினாய். அவள் மகன் சவூதியிலிருந்து பணம் அனுப்பினான் என்று எழுதியிருந்தாய். அந்தப் படத்தின் ஓரத்தில் லிகாயா நிற்கிறாள், கையில் காகிதத் தட்டு. அதை என் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். ஒரு தடவையாவது அவள் படத்தின் நடுவில் நிற்க வேண்டும்.

செலவு என் ஒன்றரை மாதச் சம்பளம் ஆகும். அனுப்பிவிடுகிறேன். நீ கணக்குப் பார்க்காதே.

உன் தங்கை
நெனிதா


கன்டெலாரியா
14 டிசம்பர் 1995

நெனிதாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மத்தியானக் கூட்டம் போனபிறகு கடையில் உட்கார்ந்து படித்தேன். படித்துவிட்டுப் பாத்திரம் கழுவினேன். கோபமாக இருந்தால் எனக்குப் பாத்திரம் நன்றாகத் துலங்கும்.

கணக்குப் பார்க்காதே என்கிறாய். ஜீப் நிறுத்தத்தில் சோறு விற்கிறவளிடம் சொல்கிற பேச்சா அது? முழுப் பன்றி யாருக்கு? தெருவே வந்து தின்னும். தின்றுவிட்டு ஆளுக்கொரு பொட்டலமும் கட்டிக்கொண்டு போகும். மறுநாள் என் கடையிலேயே உட்கார்ந்து, தோல் இன்னும் கொஞ்சம் மொறுமொறுப்பாக இருந்திருக்கலாம் என்று பேசும். இதற்கு நீ ஒன்றரை மாதம் அடுத்தவர் வீட்டுக் கழிப்பறை தேய்க்க வேண்டுமா?

லிகாயா படுக்கிற மூலையில் கூரை ஒழுகுகிறது. போன புயலில் ஒரு தகரம் பெயர்ந்துபோனது. கீழே வாளி வைத்திருக்கிறேன். அவள் அதில் காகிதப் படகு விடுகிறாள், அது வேறு விஷயம்.

அவளிடமே கேட்டேன்.

“பிறந்தநாளுக்கு என்னடி வேணும்?”

“நடந்தா பின்னாடி லைட் எரியுமே, அந்த ஷூ.”

“அப்புறம்?”

“அப்புறம் ஒண்ணும் வேணாம். லைட் அணைஞ்சுபோனா மாத்துறதுக்கு பேட்டரி.”

இவ்வளவுதான் உன் மகளின் ஆசை. கோமாளியைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இன்னொன்று. ஊர் பேச எதுவும் இருக்காது என்று எழுதியிருக்கிறாய். நீ ஹாங்காங் போனபின் அவளுக்கு மூன்று பிறந்தநாள் வந்து போயிற்று. மூன்றுக்கும் நான் பான்சித் கிண்டினேன். ஆயுசு நீளமாக இருக்கட்டும் என்று ஒரு நூடுல்ஸைக்கூட ஒடிக்காமல் கிண்டினேன். யாரும் படம் எடுக்கவில்லை, அவ்வளவுதான். படம் எடுக்காததெல்லாம் நடக்காததா?

பணம் கையில் நிற்க மாட்டேன் என்கிறது என்றால் ஒன்று செய். அதில் விமானச் சீட்டு வாங்கி நீயே வா. உன் மேடமிடம் கேட்டுப் பார். நான் பான்சித் செய்கிறேன், நீ உட்கார்ந்து சாப்பிடு.

டெல்ஃபினா

மஞ்சள் கவுன் வேண்டாம். சோயா சாஸ் சிந்தினால் கறை போகாது.


ஹாங்காங்
27 டிசம்பர் 1995

அக்கா,

கேட்டேன். நீ சொன்னாய் என்பதற்காகத்தான் கேட்டேன். மேடம் செய்தித்தாளிலிருந்து தலையை எடுக்காமலே, “போயிட்டு வாயேன். அஞ்சு நாள். டிக்கெட் உன் காசு” என்றார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அன்றைக்குச் சோற்றில் உப்புப் போட்டுவிட்டேன். இவர்கள் சோற்றுக்கு உப்புப் போட மாட்டார்கள். ஒருவரும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார்கள்.

அப்புறம் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். டிக்கெட்டோடு முடிகிறதா? லிகாயாவின் ஞானத்தாய்மார் மூன்று பேர். பாதிரியார். பாசிங். பாசிங்கின் பேரன். உன் கடைக்கு வருகிற ஜீப் டிரைவர்கள், அவர்களுக்கு ஆளுக்கொரு பனியனாவது வேண்டும். போன வருடம் அக்டோபரில் லீவில் வந்தபோது இரண்டு பெரிய பெட்டி கொண்டு வந்தேன். நினைவிருக்கிறதா, பந்தல் போட்டுப் பன்றி சுட்டு, ஜீப் நின்ற இடத்திலிருந்து நம் வாசல்வரை ஜனம். அப்படிக் கொடுத்தும் ஒருத்தி முகர்ந்து பார்த்துவிட்டு, “ஹாங்காங்லயும் இதே சோப்புதானா?” என்று கேட்டாள். யார் என்று உனக்கே தெரியும்.

கையை வீசிக்கொண்டு வர முடியுமா? இங்கேயே வேலை பார்க்கிற மகதலேனா ஊருக்கு வந்தாளே, ஒரே ஒரு பையோடு. அவள் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன், அவசரமாக வந்தாள். ஊர் என்ன சொல்லிற்று? முதலில் வேலை போய்விட்டது என்றார்கள். அப்புறம் அவள் வயிற்றைப் பார்க்க ஆரம்பித்தார்கள். அவள் திரும்பிப் போகும்வரை அந்தப் பார்வை போகவில்லை.

வருவதைவிட விருந்து மலிவு, அக்கா. இதை நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

கூரை எல்லா மழைக்கும் ஒழுகும். ஏழு வயது ஒரு தடவைதான் வரும்.

பான்சித் பற்றி நீ எழுதியது சுட்டது. நான் அந்த அர்த்தத்தில் சொல்லவில்லை. நீ இல்லாவிட்டால் அவள் எந்த வீட்டில் இருப்பாள் என்று நினைத்துக்கூடப் பார்க்கப் பயம் எனக்கு.

இன்னும் ஒரு காரணம் உண்டு. எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். போன தடவை நான் கிளம்பும்போது அவள் என் காலைக் கட்டிக்கொண்டாள். அத்தான் வந்து விரல் விரலாகப் பிரித்து எடுத்தார். ஐந்து நாள் இருந்துவிட்டு மறுபடி அதைச் செய்ய என்னால் ஆகாது.

பணம் நாளை அனுப்புகிறேன்.

நெனிதா


கன்டெலாரியா
8 ஜனவரி 1996

நெனிதாவுக்கு,

பணம் வந்தது. நீ சொன்னபடியே நடக்கும். இனி இதைப் பற்றி நான் வாயைத் திறக்கப்போவதில்லை.

பன்றிக்குச் சொல்லிவிட்டேன். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவன் சுட்டுத் தருகிறான். பெரியதாகப் பார்த்துச் சொன்னேன். செய்வது என்று ஆனபின் குட்டியாக வைத்து அசிங்கப்படுவானேன். பந்தல்காரனும் கோமாளியும் முன்பணம் வாங்கிக்கொண்டார்கள். கோமாளி மற்ற நாளில் சவப்பெட்டிக் கடையில் வார்னிஷ் அடிக்கிறவன். உன் அத்தானுக்குத் தெரிந்தவன் என்பதால் குறைத்துக்கொண்டான்.

பாசிங் வேலிமேல் கையை வைத்துக்கொண்டு, “முழுப் பன்னியா? ஒரு பன்னி போதுமா உங்களுக்கு?” என்று கேட்டாள். “போதலேன்னா உங்க வீட்டுக்கு வந்து சாப்பிடுறோம்” என்றேன். போய்விட்டாள்.

உன் மகளுக்குத்தான் என்ன வந்தது என்று தெரியவில்லை. பன்றிக்குச் சொல்லப் போனபோது அவளையும் கூட்டிப் போயிருந்தேன்.

“இது நம்ம வீட்டுக்கா பெரியம்மா?”

“ஆமா.”

“முழுசுமா?”

“முழுசும்தான்.”

“பந்தலும் போடுவாங்களா?”

“போடுவாங்க, போடுவாங்க. நட.”

அன்றிலிருந்து ஆளே மாறிவிட்டாள். குளிக்கக் கூப்பிட்டால் ஓடுவதில்லை. தலை வாரும்போது கத்துவதில்லை. நேற்றுப் பார்க்கிறேன், துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு வாசலிலிருந்து ஜீப் நிறுத்தம்வரை தெருவைக் கூட்டிக்கொண்டிருக்கிறாள். துடைப்பம் அவளைவிட உயரம். விருந்தால் ஒரு நன்மை உண்டு என்றால் இதுதான், உண்மையை மறைப்பானேன்.

டெல்ஃபினா


ஹாங்காங்
21 ஜனவரி 1996

அன்புள்ள அக்கா,

பார்சலில் கவுன் வருகிறது. மஞ்சள்தான். சோயா சாஸை அவள் பக்கம் வைக்காதே. லைட் எரிகிற ஷூவும் வைத்திருக்கிறேன், ஒரு அளவு பெரியது.

இங்கே செவ்வாய்க்கிழமை கா-மிங்கின் பிறந்தநாள். மேடத்தின் ஒரே பையன். எட்டு வயது. இந்த வீட்டில் கார் இரண்டு, குளியலறை மூன்று. மூன்றும் எனக்கு மனப்பாடம். காலையில் மேடம் ஆபீஸுக்குக் கிளம்பும்போது, “நீள நூடுல்ஸ் போட்டுக் குடு. முட்டை ஒண்ணு வேகவெச்சுச் சிவப்புச் சாயம் போடு” என்று சொல்லிவிட்டுப் போனார். பையன் பள்ளியிலிருந்து வந்தான். முட்டையைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தான், விரலெல்லாம் சிவப்பு. உரித்துத் தின்றான். நூடுல்ஸை உறிஞ்சினான். வீட்டுப்பாடம் எழுதினான். மேடம் வந்து, மீதியிருந்த நூடுல்ஸை நின்றபடியே தின்றுவிட்டு, அவன் தலையில் கை வைத்து, “எட்டா?” என்றார். “எட்டு” என்றான். முடிந்தது. ஒரு பலூன் இல்லை.

உடனே நீ ஆரம்பிக்காதே. பணக்காரி முட்டையோடு நிறுத்திக்கொள்கிறாள், வேலைக்காரி பன்றி சுடுகிறாள் என்று நீ எழுதப்போவது இங்கேயே காதில் விழுகிறது. நானும் அதை யோசித்தேன். கா-மிங்குக்கு அவன் அம்மா அடுத்த அறையில் தூங்குகிறாள், அக்கா. அவனுக்கு முட்டை போதும்.

ஒரு வேலை செய். கேக் வெட்டும் முன் மைக்கில் சொல்லிவிடு. இந்த விருந்து, பன்றி, கவுன் எல்லாம் லிகாயாவின் அம்மா ஹாங்காங்கிலிருந்து அனுப்பியது என்று சொல். ஊருக்காக இல்லை. அவள் கேட்க வேண்டும்.

நெனிதா


கன்டெலாரியா
19 பிப்ரவரி 1996

நெனிதாவுக்கு,

எல்லாம் நடந்தது. நடந்தபடி எழுதுகிறேன், நீ நிதானமாகப் படி.

சனிக்கிழமை காலை பன்றி வந்தது. தோல் கண்ணாடிபோல் பளபளத்தது, ஒரு வெடிப்பு இல்லை. பந்தல் பாசிங் வேலியைத் தொட்டது. மழை இல்லை. கோமாளி சொன்ன நேரத்துக்கு வந்தான். அத்தான் கயிற்றைப் பிடித்தார். இரண்டாவது இழுப்பிலேயே தட்டி முழுவதையும் குழந்தைகள் தலையில் இறக்கிவிட்டார். ஒரே கூச்சல், நல்ல கூச்சல்.

நான் சமையலறையில் இருந்ததால் ஒன்றை அப்போது பார்க்கவில்லை. லிகாயா முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்து நாற்காலியில் பலூன் ஒன்றைக் கட்டி வைத்திருக்கிறாள். யாரையும் உட்காரவிடவில்லை. கோமாளி விளையாட்டாக அதில் உட்காரப் போனபோது அவன் சட்டையைப் பிடித்து இழுத்து, “அங்க உக்காராதீங்க. அது அம்மா இடம்” என்றாளாம். என்னைத்தான் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டு அத்தானும் பேசாமல் இருந்துவிட்டார். நீ இல்லாத வீட்டில் அம்மா என்றால் யார் என்று அவரும் யோசிக்கவில்லை.

கேக் வந்தது. நீ எழுதியதை நீ எழுதியபடியே மைக்கில் சொன்னேன். எல்லாம் அவள் அம்மா நெனிதா அனுப்பியது என்றேன். ஜனம் கை தட்டிற்று. லிகாயா எழுந்து வந்து என் கையோடு சேர்த்து மைக்கைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்:

“அனுப்பிட்டாங்களா? அப்ப அவங்க வரலையா?”

வாடகை ஸ்பீக்கர் பெரியது. ஜீப் நிறுத்தத்தில் டிக்கெட் கிழிக்கிறவனுக்குக்கூடக் கேட்டதாம்.

கை தட்டினவர்கள் நிறுத்திவிட்டார்கள். பாசிங்தான் முதலில் பாட ஆரம்பித்தாள், அப்புறம் எல்லோரும் பிறந்தநாள் பாட்டுப் பாடினார்கள். அந்தப் பெண்பிள்ளையை நான் இனி ஒரு மாதத்துக்குத் திட்டப்போவதில்லை.

லிகாயா அழவில்லை. மெழுகுவர்த்தியை ஊதினாள். கேக் வெட்டினாள். நீ ஆசைப்பட்டபடி எல்லாப் படத்திலும் நடுவில் நிற்கிறாள். எல்லாப் படத்திலும் வாசல் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருப்பாள், அதற்குப் போட்டோக்காரனைக் குறை சொல்லாதே. ஜனம் போனபின் அவளை மடியில் போட்டுக்கொண்டு கேட்டேன்.

“அம்மா வர்றாங்கன்னு யாருடி சொன்னா?”

“யாரும் சொல்லல.”

“பின்ன?”

“பன்னி சுட்டீங்கல்ல. பந்தல் போட்டீங்கல்ல. அன்னைக்கு அம்மா வந்தப்ப இப்படித்தானே செஞ்சீங்க?”

நம் தெருவில் யாராவது கடல் தாண்டி வந்தால்தான் பன்றி சுடுவோம். பாசிங் பேரன் விருந்தைத் தவிர அவள் பார்த்ததெல்லாம் அதுதான். ஒரு மாதமாக அவள் தெருவைக் கூட்டியது உனக்காக. எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. நான் அதை விருந்தின் நன்மை என்று உனக்கு எழுதினேன்.

மிச்சத்தை வழக்கம்போலப் பொட்டலம் கட்டிப் போனார்கள். பன்றியின் ஒரு காதை மட்டும் அவள் தட்டில் மூடி வைத்திருந்தாள். மறுநாள் எறும்பு வந்ததால் எடுத்துப் போட்டேன்.

ஷூ நன்றாக இருக்கிறது. லைட் எரிகிறது.

டெல்ஃபினா


ஹாங்காங்
31 மார்ச் 1996

அக்கா,

உன் கடிதம் வந்து வெகுநாள் ஆயிற்று. பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன்.

லூர்துவின் தங்கை ஊரிலிருந்து வந்தபோது வீடியோ டேப்பையும் கொண்டு வந்தாள். மேடம் இல்லாத மத்தியானம் போட்டுப் பார்த்தேன். கா-மிங்கும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். வீடியோக்காரன் பன்றியை ஐந்து நிமிடம் காட்டுகிறான். கேக்கைக் காட்டுகிறான். மைக் வந்த இடத்தில் அவன் காமிராவைப் படக்கென்று திருப்பி ஜனத்தைக் காட்டியிருக்கிறான், நல்ல மனுஷன். ஆனால் குரல் இருக்கிறது. மொழி புரியாததால் கா-மிங், “அந்தப் பொண்ணு என்ன கேட்டா?” என்று என்னைக் கேட்டான். “இன்னும் கேக் வேணுமான்னு கேட்டா” என்றேன்.

அந்த நாற்காலி ஓரத்தில் தெரிகிறது. கடைசியில் யாரோ அதில் தன் எச்சில் தட்டை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

அழுதேன். வேறென்ன எழுத? உன் பேச்சைக் கேட்டிருக்கலாம் என்று நான் சொல்வேன் என நீ எதிர்பார்த்தால், ஆமாம், கேட்டிருக்கலாம்.

கூரைக்குத் தகரம் வாங்கப் பணம் அனுப்பியிருக்கிறேன். முதலில் அதைச் செய்.

நெனிதா


கன்டெலாரியா
20 ஆகஸ்ட் 1996

நெனிதாவுக்கு,

கூரை மாற்றி மூன்று மழை பார்த்தாயிற்று. சொட்டு விழவில்லை. படகு விட இடமில்லை என்று உன் மகளுக்குத்தான் வருத்தம்.

கேட்டிருக்கலாம் என்று நீ எழுதியதற்கு நான் பதில் எழுதவில்லை. எழுதவும் ஒன்றுமில்லை. நானும் பெரியதாகப் பார்த்துத்தான் பன்றிக்குச் சொன்னேன்.

போன வாரம் பாசிங்கின் கடைசிப் பேத்திக்கு ஒரு வயது நிறைந்தது. சவூதியிலிருந்து பணம் வந்தது, பன்றியும் வந்தது. நான் லிகாயாவைக் கூட்டிக்கொண்டு போனேன். பன்றியைத் தூக்கிக்கொண்டு நாலு பேர் வேலியைத் தாண்டும்போது அவள் நேரே பாசிங்கிடம் போய்க் கேட்டாள்:

“உங்க வீட்டுல யாரு வரல?”

பாசிங்குக்கு முதலில் புரியவில்லை. “என்ன கண்ணு?” என்றாள்.

“இல்ல, பன்னி வந்திருக்கே. யாரு வரலைன்னு கேட்டேன்.”

பாசிங் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தாள். எல்லோரிடமும் திருப்பித் திருப்பிச் சொல்லிச் சிரித்தாள். கொஞ்ச நேரம் கழித்து நான் தட்டு எடுக்கச் சமையலறைக்குப் போனபோது அடுப்புக்குப் பக்கத்தில் தனியாக உட்கார்ந்திருந்தாள். “என் பையன் வந்து நாலு வருஷம் ஆச்சு டெல்ஃபினா” என்றாள். அந்தக் குழந்தையின் அம்மாவும் அவனோடு அங்கேதான் இருக்கிறாள், குழந்தையை மூன்று மாதத்தில் அனுப்பிவிட்டார்கள். நான் தட்டுகளைக் கழுவிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

உனக்கு அக்டோபரில் ஒப்பந்தம் முடிகிறதல்லவா? என்ன முடிவு செய்திருக்கிறாய் என்று நான் கேட்கவில்லை. நீயாகச் சொன்னால் தெரிந்துகொள்கிறேன்.

டெல்ஃபினா


ஹாங்காங்
5 ஜனவரி 1997

அன்புள்ள அக்கா,

ஒப்பந்தத்தைப் புதுப்பித்துவிட்டேன். இன்னும் இரண்டு வருடம். திட்டிக்கொள். ஆனால் அக்டோபரில் எடுக்க வேண்டிய லீவை எடுக்காமல் தள்ளி வைத்திருந்தேன். ஒப்பந்தம் புதுப்பித்ததற்கு உண்டான டிக்கெட்டை மேடம் வாங்கிக் கொடுத்துவிட்டார். பிப்ரவரி பதினேழு, காலை விமானம். மணிலாவில் பஸ் பிடித்தால் அவள் பள்ளி விட்டு வருகிற நேரத்துக்கு வந்துவிடலாம். இரண்டு வாரம் இருப்பேன்.

ஒரே ஒரு பைதான் கொண்டு வருகிறேன். பெட்டி இல்லை, சோப்பு இல்லை, பனியன் இல்லை. வேலை போய்விட்டது என்று சொல்வார்கள், சொல்லட்டும். வயிற்றைப் பார்ப்பார்கள், பார்க்கட்டும். இப்படி எழுதிவிட்டேனே தவிர, நேற்றுக் கடைவீதியில் நடக்கும்போது என்னையறியாமல் சோப்புக் கடையில் நுழைந்து ஒரு டஜன் எடுத்துவிட்டேன். லூர்து கையிலிருந்து பிடுங்கித் திரும்ப வைத்தாள்.

பந்தல் வேண்டாம். பன்றி வேண்டாம். நீ பான்சித் கிண்டு, நான் உட்கார்ந்து சாப்பிடுகிறேன். முட்டை ஒன்று வேகவைத்து வை, சிவப்புச் சாயம் நான் கொண்டு வருகிறேன்.

முக்கியமான விஷயம். அவளிடம் சொல்லாதே. பாசிங்கிடமும் சொல்லாதே. விமானம் நின்றுபோகலாம், மேடத்தின் மாமியார் விழுந்து வைக்கலாம், எது வேண்டுமானாலும் ஆகலாம். இன்னொரு தடவை அவளை நாற்காலி பிடிக்கவைக்க எனக்குத் தைரியம் இல்லை. வந்து வாசலில் நின்றால் அப்போது தெரிந்துகொள்ளட்டும்.

திரும்பிக் கிளம்பும்போது மறுபடி காலைக் கட்டிக்கொள்வாள், தெரியும். கட்டிக்கொள்ளட்டும்.

நெனிதா


கன்டெலாரியா
27 ஜனவரி 1997

நெனிதாவுக்கு,

உன் கடிதத்தை அரிசிப் பானைக்குள் போட்டு வைத்திருக்கிறேன். அத்தானிடம்கூடச் சொல்லவில்லை, அவருக்கு வாயில் எதுவும் தங்காது. நான் ஒரு வார்த்தை விடவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு என்னைக் குற்றம் சொல்லாதே.

நேற்று ஞாயிறு, பூசை முடிந்து நடந்து வந்துகொண்டிருந்தோம். உன் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, ஷூவின் லைட் எரிகிறதா என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஒரு கால் எரிகிறது, ஒரு கால் எரியவில்லை. நடுவில் கேட்டாள்.

“பெரியம்மா, இந்த வருஷம் பன்னி உண்டா?”

“இல்ல.”

“பந்தல்?”

“இல்ல.”

“கோமாளியாவது?”

“ஒண்ணும் கிடையாது. பான்சித். ஒரு முட்டை.”

“அம்மா பணம் அனுப்பலையா?”

“அனுப்பல.”

பாசிங் வீட்டு வேலி வரும்வரை ஷூவின் லைட்டைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. ஏமாந்துவிட்டாள் போலிருக்கிறது, கோமாளியையாவது கூப்பிட்டுக் கொடுக்கலாமா என்று நானும் மனசுக்குள் யோசித்துக்கொண்டு வந்தேன். வாசலுக்கு வந்ததும் என் கையை விட்டாள்.

“அப்ப அம்மாவே வர்றாங்க” என்றாள்.

கேள்வியாகக் கேட்கவில்லை. எனக்குப் பொய் வராது என்று உனக்குத் தெரியும். அடுப்பைப் பார்க்க வேண்டும் என்று உள்ளே போய்விட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

திரும்பி வந்து பார்க்கிறேன், துடைப்பத்தை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டாள். இந்த வருடம் துடைப்பமும் அவளும் ஒரே உயரம். ஜீப் நிறுத்தம்வரை கூட்டினாள். இன்று காலையும் கூட்டிவிட்டுத்தான் பள்ளிக்குப் போனாள்.

விமானத்தைத் தவறவிட்டுவிடாதே, நெனிதா.

டெல்ஃபினா